பதினேழாம் மாடிக்கு வந்த ஃபக்ஸ்

"உவளை நம்பி இந்த வேலையைக் குடுக்கேலுமோ அக்கா?" என்று சித்தி அம்மாவிடம் கேட்டபோது நான் குசினி வாசலில்தான் நின்றேன். நான் நிற்பது அவருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடக் கடிதம், டெலிபோன் பில், கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்க வருகிறோம் என்று கட்டட நிர்வாகம் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகும் அறிவித்தல் எல்லாம் என் கைக்குத்தான் வரும். அம்மா மூன்றாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்து வேலைக்குப் போனவர். சித்தி அவ்வளவுகூடப் படிக்கவில்லை. அப்பா கையெழுத்து மட்டும் அழகாக வைப்பார். அப்படிப்பட்ட வீட்டில் ஏழாம் வகுப்பு என்பது ஒரு பதவி. அந்தப் பதவியை ஒருவர் சந்தேகிப்பதை நான் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சித்தி கனடாவுக்கு வந்து ஏழு மாதமாகியிருந்தது. அவருடைய அகதி வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. கொழும்பில் இருந்த பெரிய மாமாவிடமிருந்து ஒரு தாள் வரவேண்டும் என்றும், அது அடுத்த திங்கட்கிழமைக்குள் கைக்குக் கிடைக்காவிட்டால் சித்தி சொல்வதை விசாரணையில் நம்ப மாட்டார்கள் என்றும் லோயர் சொல்லியிருந்தார். தபாலில் வர நேரமில்லை. ஃபக்ஸில்தான் வரவேண்டும்.

அந்த நாட்களில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் ஆட்களுக்கு வரும் ஃபக்ஸ் எல்லாம் கீழே தெருவில் இருந்த தமிழ்க் கடைக்குத்தான் வரும். மரக்கறி, வீடியோ கசெற், ஊருக்குக் காசு அனுப்புவது எல்லாம் அங்கேதான். கடைக்காரர் கெட்டவர் இல்லை. வந்த தாள் யாருடையது என்று கண்டுபிடிக்க அதை வாசிக்கவேண்டும் என்று நம்பினார், அவ்வளவுதான். வாசித்துவிட்டு, கடையில் நிற்கும் நாலு பேருக்குக் கேட்கும்படி டெலிபோனில் கூப்பிடுவார்: "அன்ரி, உங்கடை பெறாமகளுக்குச் சம்பந்தம் சரிவந்திட்டுதாம். ஃபக்ஸ் கிடக்கு, வந்து எடுங்கோ." அன்ரி லிஃப்டில் இறங்கிப் போவதற்குள் மூன்று கட்டடங்களுக்கு அது தெரிந்துவிடும்.

சித்தி அந்தத் தாள் கடைக்கு வரக்கூடாது என்றார். லோயரின் ஒஃபிஸுக்கு நேரே அனுப்பலாம் என்றால், அங்கே ஃபக்ஸ் மெசினுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் கடைக்காரரின் மனைவியின் தங்கை. "நான் கவருக்குள்ளை வைச்சு ஒட்டி லோயரின்ரை கையிலைதான் குடுப்பன்" என்று சித்தி ஒரே பிடியாக நின்றார். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அதில் வேறு ஒரு சந்தர்ப்பம் தெரிந்தது.

பதினேழாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அப்பா துப்புரவு வேலை செய்த ஒஃபிஸில் பழையவற்றைக் கழித்துக் குப்பை லிஃப்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். கேட்டு வாங்கி, சாமான் வண்டிலில் வைத்து, போர்வையால் மூடி, பனிக்குள் நடந்தே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதன் பின்பக்கத்தில் டெலிபோன் வயர் செருகும் இரண்டு ஓட்டைகளை நான் கண்டிருந்தேன். உள்ளே மொடம் இருக்கிறது என்றும், மொடம் இருந்தால் ஃபக்ஸ் எடுக்கலாம் என்றும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் "கடை தேவையில்லை, இந்தப் பெட்டியிலையே வரப்பண்ணலாம்" என்று அறிவித்தேன். அதற்குத்தான் சித்தி பிறகு குசினியில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"செய்து பாக்கட்டுமேன்" என்றார் அம்மா. "அண்ணை சனிக்கிழமைதானே அனுப்புறார். அதுவரைக்கும் நாள் இருக்கு."

மொடம் என்பது ஒரு மின்னணு அட்டை. அது பெட்டிக்குள் இருந்தால் மட்டும் போதாது. அந்த அட்டையோடு எப்படிக் கதைப்பது என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய மென்பொருளும் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்பார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் அதற்கென்று தனி டிரைவர். எங்கள் பெட்டிக்குள் இருந்த மென்பொருளை எல்லாம் ஒஃபிஸில் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். திரையில் சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், மொடம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறியும் 'இனந்தெரியாத சாதனம்' என்ற அர்த்தத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களும் மட்டுமே இருந்தன. செய்தவர் யார், மாதிரி எது என்று தெரிந்தால்தான் டிரைவரைத் தேடலாம். அதெல்லாம் அட்டையில் ஒட்டிய ஸ்ரிக்கரில் எழுதியிருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து, அப்பாவின் திருப்புளியால் பெட்டியைத் திறந்தேன். மொடம் அட்டை கண்ணாடிபோலப் பளபளத்தது. ஸ்ரிக்கர் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய சதுரம். முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

இதை விளங்கிக்கொள்ள அம்மாவைத் தெரிந்திருக்க வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கியது எதுவானாலும், ஃபிரிஜ்ஜோ, குளிர் ஜக்கெற்றோ, அதிலுள்ள ஸ்ரிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்தெடுத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். வருகிறவர்களுக்கு அது பழசு என்று தெரியக்கூடாது. கொம்பியூட்டர் வந்த அன்று, கரப்பான் குடும்பமாக வருகிறதா என்று பார்க்க, அதைக் கொரிடோரிலேயே வைத்து அப்பாவைத் திறக்கச் சொன்னார். உள்ளேயும் ஸ்ரிக்கர்கள் இருப்பதைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுவிடாமல் உரித்துவிட்டார்.

"உள்ளுக்கை ஆரம்மா பாக்கப்போகினம்?" என்று கேட்டேன்.

"நீ பாக்கிறாய்தானே இப்ப" என்றார் அம்மா.

ஸ்ரிக்கர் இல்லாவிட்டால் என்ன, அட்டையில் பதித்த கறுப்புச் சில்லுகளின் மேல் எழுத்து இருக்கிறது என்று நினைத்தேன். டோர்ச் அடித்துப் பார்த்து, பெரிய சில்லில் எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிந்த 9627 என்ற எண்ணைக் கொப்பியில் எழுதினேன். அதுதான் மாதிரி எண் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தெளிவாக எழுதியது முக்கியமானதாகத்தான் இருக்கும் என்பது பள்ளிக்கூடப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கே இன்டர்நெட் உள்ள கொம்பியூட்டர்கள் இரண்டு. தாளில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தால் அரை மணித்தியாலம் கிடைக்கும். அதில் பாதி, பக்கம் மேலிருந்து கீழாக விரிவதைப் பார்ப்பதிலேயே போய்விடும். 9627 என்று முடியும் ஏதோ ஒன்றுக்கு டிரைவர் இருந்தது. எதற்கான டிரைவர் என்று வாசிக்க நேரமில்லை. ஃபிளொப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து, சித்தி பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சம் பந்தாவாகவே கொம்பியூட்டருக்குள் இறக்கினேன். அது ஒருமுறை அணைந்து, திரும்பத் தொடங்கி, பாதியில் அசையாமல் நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் நின்றது.

"வேலை செய்யேல்லைப் போல" என்றார் சித்தி. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

புதன்கிழமை காலை, கடையின் ஃபக்ஸ் நம்பரை ஒரு துண்டில் எழுதித் தரும்படி அவர் அம்மாவிடம் கேட்டார். வீட்டில் எழுதும் வேலை யாருடையது? அம்மா என்னைக் கூப்பிட்டார். கடையின் பையில் அச்சிட்டிருந்த நம்பரைப் பார்த்து நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். சித்தி அந்தத் துண்டை டெலிபோனுக்கு அடியில் வைத்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்திப் போனார்.

நான் அன்று முழுவதும் பிழை எங்கே என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். தொடங்கும்போது ஒரு விசையை அமத்திப் பிடித்தால் கொம்பியூட்டர் குறைந்தபட்ச வசதியோடு எழும்பும் என்று கண்டுபிடித்து, பிழையான டிரைவரைக் கழற்றினேன். வியாழக்கிழமை மறுபடி டோர்ச்சோடு உட்கார்ந்தேன். இந்த முறை மொடத்தை மட்டும் பார்க்காமல் பெட்டிக்குள் இருந்த எல்லாச் சில்லுகளையும் பார்த்தேன். 9627. 9631. 9618. 9549. எல்லா இடத்திலும் 95 அல்லது 96. பின்னால் வரும் எண் ஒன்றுகூட ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. முன்னால் இருப்பது வருடம். ஒரு வருடத்துக்கு ஐம்பத்திரண்டு கிழமை, அதாவது வாரம். நான் மூன்று நாளாகத் தேடியது மொடத்தின் பெயரை அல்ல, அதன் சில்லு பிறந்த கிழமையை.

பிறகு பயத்தோடு அட்டையைக் கழற்றி மறுபக்கம் திருப்பினேன். பச்சைப் பூச்சுக்கு அடியில், செம்புக் கோடுகளுக்கு நடுவில், அட்டையோடு அட்டையாகவே ஒரு வரி பதிந்திருந்தது. மூன்று ஆங்கில எழுத்துகள் கொண்ட தலைப்பு, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை. அரசாங்கம் கொடுக்கும் அனுமதி எண் அது என்று பிறகுதான் அறிந்தேன். அப்போது நினைத்ததெல்லாம், இதை அம்மாவால் உரிக்க முடியவில்லை என்பதுதான். மூன்று தரம் சரிபார்த்து எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில், அந்தக் கோவையின் முதல் மூன்று எழுத்துகள் உற்பத்தியாளரைக் காட்டின. மீதி மாதிரியைக் காட்டியது. இந்தமுறை எதற்கான டிரைவர் என்பதை இரண்டு தரம் வாசித்தேன். ஃபைல் இறங்கி முடிவதற்குள் என் அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது. அடுத்த முறைக்காகக் காத்திருந்த கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பத்திரிகையை மறுபடி விரித்துக்கொண்டார். எங்கள் ஆள் இல்லை. என்ன மொழிக்காரர் என்றும் தெரியாது.

பின்னேரம் மஞ்சள் கேள்விக்குறி மறைந்து அந்த இடத்தில் மொடத்தின் பெயர் வந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். சித்தி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு இது கட்டாயம் எடுக்குமோ?"

"எடுக்கும்."

"நிண்டுபோச்செண்டா மாமாவாலை திரும்ப வரேலாது. ஆமிச் செக்பொயின்ற் எல்லாம் தாண்டித்தான் அங்கை ஃபக்ஸ் அனுப்பிற கடைக்கு வாறவர்."

"எடுக்கும் சித்தி."

அவர் டெலிபோனுக்கு அடியில் இருந்த துண்டை எடுத்துக் கிழித்தார். மாமாவுக்கு டெலிபோன் எடுத்து எங்கள் வீட்டு நம்பரைச் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு, அங்கே பொழுதுபடும் நேரத்தில், மாமா அனுப்புவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கே டெலிபோன் வயரைக் கழற்றிக் கொம்பியூட்டரில் செருகிவிட்டேன். ஏழு இருபதுக்கு அழைப்பு வந்தது. மொடம் எடுத்தது. கீச்சிட்டது, இரைந்தது, பிறகு ஒன்றுமில்லாமல் விழுந்தது. மறுபடி வந்தது. மறுபடி கீச்சிட்டது, விழுந்தது. சித்தி கதிரையின் பிடியை விடவில்லை. "மாமாவோ?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. பதினோராம் மாடி அன்ரி.

"என்ன, உங்கடை டெலிபோனுக்கு வருத்தமோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "கொஞ்சம் கறிவேப்பிலை கேப்பமெண்டு எடுத்தா, பேய் பிடிச்ச மாதிரிக் காதுக்குள்ளை கத்துது. ரெண்டுதரம்! எனக்கு நெஞ்சு படபடத்துப் போச்சு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, மறுபடி அழைப்பு. கீச்சு, இரைச்சல். இந்தமுறை விழவில்லை. திரையில் ஒரு சிறிய பெட்டி தோன்றி, முதலாம் பக்கம் வருகிறது என்றது.

"உதென்ன பிள்ளை?"

"ஃபக்ஸ் அன்ரி! கொழும்பிலையிருந்து. கடையில்லாமல் நேரை எங்கடை வீட்டுக்கு!"

"எட, இவளெல்லோ கெட்டிக்காரி!" அன்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பின்னால் வந்து நின்றார். "எங்கை, திறந்து காட்டு பாப்பம்."

இரண்டாம் பக்கமும் வந்து முடிந்தது. நான் திறக்கத்தான் போனேன். மவுஸில் கை வைத்தும்விட்டேன். ஐந்து நாள் பட்ட பாட்டைப் பார்க்க ஒரு ஆள் தானாக வந்து நிற்கும்போது யார்தான் காட்டாமல் இருப்பார்கள்? சித்தியின் கை என் தோளில் விழுந்தது. தொட்டதுபோல் இல்லை, பிடித்ததுபோல் இருந்தது.

"உடனை திறந்தா அழிஞ்சுபோமாம் அக்கா" என்றார் சித்தி. "கொஞ்சம் ஆறவேணுமாம்."

அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா குசினிக்குள்ளிருந்து கறிவேப்பிலைப் பையோடு வந்து, அன்ரியைக் கைப்பிடியில் கூட்டிக்கொண்டு கதவடிக்குப் போனார். வழக்கமாக ஒரு நெட்டுத்தான் கொடுப்பார். அன்று பை முழுக்கக் கொடுத்தார்.

கதவு சாத்திய பிறகு திறந்தேன். முதல் பக்கம் தமிழ்ப் பத்திரம், எழுத்து நெளிந்திருந்தது. இரண்டாம் பக்கம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதை நான் பாடப்புத்தகம் போல வாசித்துக்கொண்டு போனேன். மேலே சித்தப்பாவின் முழுப்பெயர். அவர் கொழும்பில் இருக்கிறார், சித்தியின் வழக்கு முடிந்ததும் வருவார் என்றுதான் எனக்குத் தெரியும். கட்டடத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். மூன்றாவது வரிக்கு வந்ததும் திரும்ப மேலே போய்ப் பெயரைப் பார்த்தேன். சித்திக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தச் செய்தியை இப்போது நான்தான் அவருக்குச் சொல்லவேண்டும்.

"சித்தி..."

"சொல்லு."

"இதிலை சித்தப்பா செத்துப்போனார் எண்டு கிடக்கு."

"ஓம்" என்றார் சித்தி. "அது எனக்குத் தெரியும். சீல் வடிவா விழுந்திருக்கோ? நம்பர் வாசிக்கக்கூடியதா இருக்கோ?"

சீல் தெளிவாக இருந்தது. நம்பரும் இருந்தது. திகதியைப் பார்த்தேன். சித்தி கனடாவுக்குப் புறப்படுவதற்கு ஒரு வருடம் முந்தியது. நான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன். வட்டமாகக் குங்குமப் பொட்டு. ஒவ்வொரு காலையும் அதை வைத்துக்கொண்டுதான் தொழிற்சாலைக்குப் போவார்.

"ஏஜென்றோடை தனியா வாற பொம்பிளைக்கு வழியிலை இது தேவைப்பட்டது" என்றார், நான் கேட்காமலே. "இஞ்சை வந்த அண்டே எல்லாரும் புருசன் எப்ப வாறார் எண்டுதான் கேட்டவை. இருக்கட்டும். எடுக்கிற நேரம் நானா எடுப்பன். நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"சரி" என்றேன். அப்பா கொம்பியூட்டரோடு கொண்டுவந்த பழைய பிரின்டர் கரகரவென்று வரிவரியாக இரண்டு பக்கத்தையும் அடித்தது. சித்தி தாள்களைக் கவருக்குள் வைத்து ஒட்டினார்.

"கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிறதை அழிச்சிட்டியோ?"

"ஓம். இப்ப அது குப்பைத்தொட்டிக்குள்ளை கிடக்கு."

"குப்பைக்குள்ளை கிடந்தா ஆரும் எடுப்பினம். இந்தப் பெட்டியையே கொப்பா குப்பையிலைதானே எடுத்தவர்?"

குப்பைத்தொட்டியையும் காலிசெய்தேன். திங்கட்கிழமை தாள் லோயரின் கைக்குப் போனது. சித்தி வழக்கில் வென்றார்.

இரண்டு மாதம் கழித்து, பதினோராம் மாடி அன்ரியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. கட்டடத்தின் கீழ்மாடி ஹோலில் வைத்தார்கள். என் வயதுப் பெண்களுக்கு நான் மொடத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சில்லில் இருக்கும் எண் பெயரல்ல, பிறந்த கிழமை என்ற இடத்துக்கு வந்திருந்தேன். அதுதான் கதையின் உச்சம் என்பது என் எண்ணம். அப்போது அன்ரி சித்தியை உரத்துக் கூப்பிட்டார்: "எங்கை தங்கச்சி? வாங்கோ, ஆலாத்தி எடுக்க ஒராள் குறையுது. புருசன் தூரத்திலை எண்டாலும் நீங்களும் சுமங்கலிதானே!"

சித்தி எழும்பவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு பெட்டை என்னிடம், "அதுசரி, ஃபக்ஸிலை என்ன வந்தது?" என்று கேட்டாள்.

"அது ஏதோ வீட்டுக் காகிதம்" என்றேன் எரிச்சலோடு. "கேளன், அட்டையைத் திருப்பிப் பாத்தா..."

சித்தி எழும்பிப் போனார். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். சுற்றும்போதும் என் பக்கமே பார்த்தார். என் சட்டையில் கறி பட்டிருக்கிறதோ, அதற்காகத்தான் அப்படிப் பார்த்தாரோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

சொல்லக்கூடாது என்றதால் நான் சொல்லாமல் இருந்தேன் என்று பெருமை அடிக்க எனக்கு இடமில்லை. அந்தத் தாளில் இருந்தது எனக்குச் சுவாரசியமாகப் படவில்லை, அவ்வளவுதான். அது வெளியே வந்திருந்தால் அந்தத் தட்டிலிருந்து அவருடைய கையை எடுத்துவிடுவார்கள், பிறகு எந்த மேடைக்கும் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. சித்தி குசினியில் அன்றைக்குக் கேட்டது என் படிப்பைப் பற்றியே அல்ல என்பதும் தெரியாது. கடைக்காரர், கடைக்காரரின் மைத்துனி, நான். யாரோ ஒருவர் அதை வாசித்தே ஆகவேண்டும் என்ற இடத்தில், ஐந்து நாள் யோசித்து, அவர் என்னைத் தெரிவுசெய்திருந்தார். அந்த ஐந்து நாளும் மொடத்தைத் தவிர வேறு பிரச்சினை அந்த வீட்டில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு சாதாரண வேலைநாளில், சித்தி பொட்டு இல்லாமல் வேலைக்குப் போனார். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அண்மையில், இதை எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, "எழுதன், இனி ஆருக்கு என்ன" என்று சொல்லிவிட்டு தான் இப்போது இருக்கும் அஜக்ஸுக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிறது என்று டெலிபோனை வைத்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. படித்தது கொம்பியூட்டர், வேலையும் அதில்தான். போன வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்ய விண்ணப்பித்தேன். உள்ள வேலை காணாதோ என்று அப்பா கேட்டார். சோதனை எழுதி, கேட்டது எதையும் வெளியே சொல்வதில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் வைத்துவிட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை முதல் விசாரணை. எதிரே வந்து உட்கார்ந்த அகதிப் பெண், நீதிபதியையும் பார்க்கவில்லை, லோயரையும் பார்க்கவில்லை. நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "பிள்ளை எந்த ஊர்? இஞ்சை எந்தக் கட்டடத்திலை இருக்கிறியள்?" என்று கேட்டார்.

நான் கையெழுத்து வைத்த அந்த உறுதிமொழியை எடுத்து, முதலில் தமிழில், அவருக்கு விளங்கும்படி மெதுவாக வாசித்தேன்.